வாசகர் கேள்விகள்: பக்கவாதத்துக்குப் பின் பயிற்சி

நரம்பியல் இயன்முறை சிகிச்சையின் (பிசியோதெரபி) முன்னேற்றங்களைப் பற்றி, மறைந்த பேராசிரியர் ஒருவரின் நினைவாக ஆண்டுதோறும் நடைபெறும் சொற்பொழிவு வரிசை குறித்துச் சென்ற இதழில் ஒரு குறிப்பு வெளியாகியிருந்தது. அதைப் படித்த ராமநாதபுரம் கடற்கரை ஊர் வாசகர்கள் சிலரின் கேள்விகளுக்கு இயன்முறை மருத்துவர் இங்கே பதிலளிக்கிறார்.

கேள்வி: என் மகள் இயன்முறை மருத்துவம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். நினைவுச் சொற்பொழிவு என்பது குத்துவிளக்கு, பொன்னாடை, நன்றியுரை என்று முடிந்துவிடும் சடங்குதானே? அதற்காக ஒரு நாள் வகுப்பை விட்டுவிட்டுப் போக வேண்டுமா? – வாசகர், உச்சிப்புளி

பொன்னாடை எப்படியும் இருக்கும். அதைப் பொறுத்துக்கொண்டுதான் ஆக வேண்டும். ஆனால் முறையாக நடத்தப்படும் ஒரு சொற்பொழிவு வரிசையைப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தால், ஒரு துறை தன் கருத்தை எப்போது, ஏன் மாற்றிக்கொண்டது என்பது அதில் பதிவாகியிருக்கும். பாடப்புத்தகத்தில் இது கிடைப்பதில்லை. அது இன்றைய முடிவை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடும். அமெரிக்காவில் 1921இல் தொடங்கப்பட்ட இயன்முறை மருத்துவர் சங்கத்தின் முதல் தலைவர் மேரி மெக்மில்லன். அவர் பெயரால் 1964 முதல் நடந்துவரும் சொற்பொழிவு இந்த வகையில் மூத்தது.

நரம்பியல் பிரிவை மட்டும் எடுத்துக்கொண்டால், அங்கு நடந்த நான்கு பெரிய மாநாடுகளே இந்த மாற்றத்தைக் காட்டப் போதும். 1966இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் கூடியவர்கள் போபாத், நாட், பிரன்ஸ்ட்ரோம் போன்ற சிகிச்சையாளர்களின் முறைகளைப் பற்றியே பேசினார்கள். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து லண்டனுக்குத் தப்பி வந்த உடற்பயிற்சி ஆசிரியை பெர்டா போபாத், 1940களில் பக்கவாதத்தால் விழுந்த ஓவியர் ஒருவருக்குச் சிகிச்சை அளித்தபோது கண்டவற்றிலிருந்து தம் முறையை வளர்த்தெடுத்தார். சிகிச்சையாளரின் கை சரியான இடத்தைப் பிடித்து, இறுக்கத்தை அடக்கி, நல்ல அசைவை வரவழைக்க வேண்டும் என்பதே அன்றைய நம்பிக்கை. 1990இல் கூடியபோது பேச்சு திசைமாறியது: நோயாளி எந்த வேலையை, எந்தச் சூழலில் செய்ய முயல்கிறார் என்பது முன்னுக்கு வந்தது. 2005இலும் 2016இலும் மூளை தன்னை மாற்றியமைத்துக்கொள்ளும் நெகிழ்திறன், நோயைத் தடுத்தல், யாருக்கு எவ்வளவு திரும்பும் என்று முன்கூட்டிக் கணித்தல், குடும்பத்திலும் ஊரிலும் மீண்டும் பங்கேற்றல் என்று பேச்சு விரிந்தது. இத்தனைக்கும் போபாத் முறையைத் தொடர்ந்து கற்பிக்கும் இடங்கள் இன்றும் உண்டு. துறைகள் ஒரே நாளில் மனம் மாறுவதில்லை.

உங்கள் மகள் கட்டாயம் போகட்டும். 'பத்தாண்டுகளுக்கு முன் நீங்கள் செய்துவந்து இப்போது விட்டுவிட்டது எது?' என்று சொற்பொழிவாளரிடம் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

கேள்வி: வல்லத்தில் மீன்பிடித் தொழில் பார்த்த என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. நடக்கிறார். வலது கை விரல்களைக் கொஞ்சம் விரிக்க முடிகிறது. ஆனால் சாப்பாடு முதல் சட்டைப் பொத்தான் வரை எல்லாமே இடது கைதான். ஆறு மாதம் தாண்டினால் வந்த வரைதான் என்கிறார்கள். உண்மையா? – வாசகி, தங்கச்சிமடம்

பாதி உண்மை. மூளை தானாகத் தேறிக்கொள்ளும் வேகம் முதல் மூன்று மாதங்களில்தான் அதிகம். பிறகு அது குறைந்துகொண்டே போகும். ஆனால் பயிற்சியால் கிடைக்கும் முன்னேற்றத்துக்கு அப்படியொரு கெடு இல்லை. நீங்கள் எழுதியதில் என் கவனத்தை ஈர்த்தது 'எல்லாமே இடது கைதான்' என்ற வரி. எட்வர்ட் டாப் என்ற ஆய்வாளர், ஒரு கையின் உணர்ச்சி நரம்பு துண்டிக்கப்பட்ட குரங்குகளை வைத்துச் செய்த ஆய்வில், அந்தக் கை அசையக் கூடியதாக இருந்தும் அவை அதைப் பயன்படுத்துவதையே விட்டுவிடுவதைக் கண்டார். தொடக்கத்தில் முயன்று தோற்பதால் அந்தக் கை ஒதுக்கப்படுகிறது, ஒதுக்குவது பழக்கமாகிவிடுகிறது. நல்ல கையைக் கட்டிவைத்தபோது ஒதுக்கப்பட்ட கை வேலைக்கு வந்தது. இதே கருத்தைக் கொண்டு அமெரிக்காவில் பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதமான 222 பேரிடம் நடந்த ஆய்வு 2006இல் வெளியானது. இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி நல்ல கைக்கு ஓர் உறையை மாட்டி, பலவீனமான கையால் தினமும் பல மணி நேரம் பயிற்சி செய்தவர்களின் கை வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களின் கையைவிட நன்றாக இயங்கியது. ஓராண்டு கழித்தும் அந்த வேறுபாடு நிலைத்தது.

எல்லோருக்கும் இது பொருந்தாது. மணிக்கட்டையும் விரல்களையும் சிறிதளவாவது தாமாகவே நிமிர்த்த முடிய வேண்டும். நல்ல கை உறைக்குள் இருக்கும்போதும் விழாமல் நிற்க முடிய வேண்டும். உங்கள் தந்தையாருக்கு விரல் விரிகிறது என்பதால், ஓர் இயன்முறை மருத்துவரிடம் காட்டி இதைப் பற்றிக் கேளுங்கள். அடுப்பருகிலும் படியிலும் குளியலறையிலும் அந்த உறை கூடாது. படகில் கூடவே கூடாது.

அடுத்தது எண்ணிக்கை. சிகிச்சைக் கூடங்களில் கேத்தரின் லாங் குழுவினர் உட்கார்ந்து எண்ணிப் பார்த்ததில், ஓர் அமர்வில் பாதிக்கப்பட்ட கை பயனுள்ள அசைவுகளைச் செய்தது சராசரியாக 32 முறைதான் என்று 2009இல் தெரியவந்தது. விலங்குகளின் மூளையில் மாற்றத்தைக் காட்டிய ஆய்வுகளிலோ நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான முறை. நான் பார்த்தவரை, வெறுமனே ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னால் நம் ஊர் ஆண்கள் இரண்டாம் நாளே பந்தைத் தொலைத்துவிடுவார்கள். வலை வேலையைக் கொடுத்தால் கை தானாக நீளும். முதலில் வலையின் மிதவைகளை ஓர் ஓலைப்பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு வலது கையாலேயே ஒவ்வொன்றாக மாற்றட்டும். விரல்கள் பிடித்தால் போதாது, விடவும் வேண்டும், பெரும்பாலும் விடுவதுதான் கடினம். அது எளிதானதும் கிழிந்த வலையின் கண்ணிகளை விரல் நுனியால் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கலாம். பிறகு வலை ஊசியில் நூல் சுற்றலாம். முண்டு மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளுவதும் விரல்களுக்கு நல்ல பயிற்சியாகத் தோன்றும். ஆனால் உணர்ச்சி மங்கிய கைக்கு எரிச்சல் தெரியாது, அந்தக் கை கண்ணுக்குப் போனால் கண்ணுக்குத் தெரியும். அதற்குப் புளியங்கொட்டையே மேல்.

கேள்வி: என் கணவருக்கு நடை இன்னும் சீராகவில்லை. உடலைத் தூக்கிப் பிடித்து நடக்கவைக்கும் இயந்திரம் பெரிய நகரத்தில் இருக்கிறது, மாதக்கணக்கில் தங்குங்கள், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வெளிநாட்டிலிருக்கும் மகன் வற்புறுத்துகிறான். போகலாமா? – வாசகி, கீழக்கரை

மகனின் பாசம் பெரிது. பணத்தை வேறு விதமாகச் செலவிடச் சொல்லுங்கள். பமீலா டங்கன் தலைமையில் 408 பேரிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், உடல் எடையைத் தாங்கும் பட்டையோடு நகரும் தளத்தில் நடந்தவர்களும், இயன்முறை மருத்துவர் வீடு தேடிச் சென்று தசைப்பலத்துக்கும் சமநிலைக்கும் பயிற்சி அளித்தவர்களும் ஓராண்டு முடிவில் ஏறத்தாழ ஒரே அளவுக்கே தேறினார்கள். இயந்திரம்தான் வெல்லும் என்று எதிர்பார்த்துத் தொடங்கிய ஆய்வு அது. ஆனால் அந்த வீட்டுப் பயிற்சியைக் குறைத்து மதிப்பிடக் கூடாது: ஒவ்வொன்றும் 90 நிமிடமாக 36 அமர்வுகள். வாரம் ஒரு முறை வந்து பத்து நிமிடம் காலை மடக்கி நீட்டிவிட்டுப் போவதை அதனோடு ஒப்பிட முடியாது. நிற்கவே முடியாத நிலையில், முதல் சில மாதங்களில் இயந்திரங்களுக்குப் பயன் உண்டு. உங்கள் கணவர் நடக்கிறார் என்பதால், உள்ளூர் இயன்முறை மருத்துவர் ஒருவரை வாரம் மூன்று நாள் வீட்டுக்கு வரவைக்க அந்தப் பணம் உதவட்டும்.

கடற்கரை மணலில் நடந்தால் கால் பலப்படும் என்று சொல்பவர்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். பாதம் தொங்குபவருக்கு மணல் ஆகாது. விரல் நுனி புதைந்து தடுக்கும். கெட்டியான தரையில், கணுக்கால் பட்டையோடு, ஒருவர் பக்கத்தில் வர நடப்பதே சரி.

கேள்வி: வாதம் அடித்த அன்றே எழுப்பி நடக்கவைத்தால் சீக்கிரம் குணமாகுமாமே? புறா ரத்தம் தேய்ப்பது பற்றியும் சொல்லுங்கள். – வாசகர், சாயல்குடி

புறாவை விட்டுவிடுங்கள், அதன் ரத்தத்தால் பயன் எதுவும் இல்லை, அதைத் தேடி அலையும் நேரத்தில்தான் மூளை அழிகிறது. ரத்தக் கட்டியால் வரும் வாதத்தில் அதைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதால், வாய் கோணியதும் 108ஐ அழையுங்கள். முதல் நாளே எழுப்புவது பற்றி 2,104 பேரிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வு, 24 மணி நேரத்துக்குள் அடிக்கடி, நீண்ட நேரம் எழுப்பி நடக்கவைத்தவர்கள் நன்றாகத் தேறும் வாய்ப்பு குறைந்ததாகக் கண்டது. எப்போது எழுப்புவது என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

கேள்வி: கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பயிற்சி செய்தால் விழுந்த கை வரும் என்கிறார்கள். ஏமாற்றா? – வாசகர், தொண்டி

ஏமாற்றுதான், மூளையை ஏமாற்றுவது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், 1990களில், இழந்த கை இன்னும் இருப்பதாகவும் வலிப்பதாகவும் உணர்ந்தவர்களுக்கு இதை முயன்றார். பின்னர் அது பக்கவாதத்துக்கும் வந்தது. நெஞ்சுக்கு நேரே கண்ணாடியை நிறுத்தி, பலவீனமான கையை அதன் பின்னால் மறைத்து, நல்ல கையை அசைத்துக்கொண்டே பிம்பத்தைப் பார்க்க வேண்டும். மறைந்திருக்கும் கையும் கூடவே அசைய முயல வேண்டும். மற்றப் பயிற்சிகளோடு சேர்த்துச் செய்யும்போது ஓரளவு பலன் கிடைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. செலவு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி என்பதால் முயன்று பார்ப்பதில் நட்டமில்லை.

கேள்வி: அப்படியானால் எல்லாவற்றையும் குடும்பத்தாரே கற்றுக்கொண்டு வீட்டிலேயே செய்துவிடலாமா? – வாசகர், மண்டபம்

இங்கே நான் சற்று நிதானிக்கச் சொல்வேன். இந்தக் கேள்வியை நம் நாட்டிலேயே சோதித்திருக்கிறார்கள். இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளை எடுத்துக்கொண்டு, ஒரு பாதியினரின் குடும்பத்தாருக்கு மறுவாழ்வுப் பயிற்சி கற்றுக்கொடுத்து அனுப்பினார்கள். 2017இல் லான்செட் இதழில் வெளியான முடிவின்படி, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட அவர்கள் கூடுதலாகத் தேறவில்லை. மேலே சொன்ன வீட்டுப் பயிற்சி வெற்றி பெற்றதற்கு, தேர்ந்த ஒருவர் ஒவ்வொரு முறையும் நேரில் வந்து பயிற்சியைக் கடினமாக்கிக்கொண்டே போனதும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன். குடும்பம் அந்த இடைவெளி நாள்களை நிரப்பலாம். அவருடைய இடத்தை நிரப்ப முடியாது.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிப்பதும் அடங்கும். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். இயன்முறை மருத்துவர் வரும்வரை ஒன்றில் மட்டும் கவனமாயிருங்கள்: நோயாளியைக் கட்டிலிலிருந்து எழுப்பும்போது விழுந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள், அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள், தசை தளர்ந்த தோள்மூட்டு எளிதில் இறங்கிவிடும், பிறகு வலியால் எந்தப் பயிற்சிக்கும் நோயாளி கையைத் தரமாட்டார். முதுகுப்புறமாகக் கை கொடுத்து, தோள்பட்டை எலும்பைத் தாங்கி எழுப்புங்கள்; உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கைக்குக் கீழே ஒரு தலையணை இருக்கட்டும்.