எல்லா பஸ்ஸுக்கும் ஒரே பெயின்ட் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நகரப் பேருந்துகளின் நிறத்தை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. என் அம்மாவுக்குப் பார்வை மங்கல், பஸ் நம்பரைப் படிக்க முடியாது. நீலக்கோடு போட்ட வண்டி வந்தால் கை காட்டுவார், மஞ்சள் வந்தால் விட்டுவிடுவார். கம்பெனிக்கு ஒரு நிறம் இருப்பதால்தான் அவரால் துணையில்லாமல் போய்வர முடிகிறது. எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கினால் பார்க்க அழகாக இருக்கும், சரி. அவர் என்ன செய்வார்? பெயின்டுக்குச் செலவழிப்பதை பிரேக்குக்குச் செலவழிக்கலாமே?

வாசகர் ஒருவர் (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

அழகு எனக்கும் இரண்டாம்பட்சம்தான். உங்கள் அம்மா ஏறுவாரா மாட்டாரா என்பதுதான் கேள்வி.

ஆனால் அவர் நம்பியிருக்கும் நீலக்கோடு கம்பெனியின் அடையாளம், தடத்தின் அடையாளம் அல்ல. இன்றைக்கு அந்தத் தடத்தில் அந்தக் கம்பெனி ஓடுவதால் இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது. ஒப்பந்தம் முடிந்து டெண்டர் வேறு கைக்குப் போனால், நீலக்கோடும் வேறு தடத்துக்குப் போய்விடும். அதை நம்பி ஏறுகிறவர் எங்கே போய் இறங்குவார்?

லண்டனின் சிவப்பே கம்பெனி நிறமாகத்தான் பிறந்தது. 1907-இல் லண்டன் ஜெனரல் ஆம்னிபஸ் கம்பெனி, போட்டியாளர்களின் வண்டிகளிலிருந்து தன் வண்டிகளைப் பிரித்துக் காட்ட அதைப் பூசியது. போட்டியாளர்கள் பலரை அந்தக் கம்பெனியே விழுங்கிவிட, சிவப்பு நகரத்தின் நிறமாயிற்று. 1985 முதல் தடங்களை டெண்டருக்கு விட்டதும் பல வண்ணங்கள் திரும்பத் தலைகாட்டின. பிறகு, நகர மையத்துக்குள் வரும் வண்டிகளில் 80 சதவீதமாவது சிவப்பு இருக்க வேண்டும் என்று விதி போட்டார்கள். இப்போது முழுச் சிவப்பு. (கூரை மட்டும் வெயில் சூட்டைக் குறைக்க வெள்ளை. மேலிருந்து பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.) ஓட்டுகிறவை பல தனியார் கம்பெனிகள். எந்தத் தடம் யாரிடம் இருக்கிறது என்று நிறுத்தத்தில் நிற்பவர் தெரிந்துகொள்ள வேண்டிய தேவையே இல்லை.

மான்செஸ்டர் வட்டாரத்திலும் இதுதான் நடந்தது. 1986-இல் லண்டனுக்கு வெளியே பஸ் சேவை சந்தைக்குத் திறந்துவிடப்பட்டபின் அங்கே ஆளுக்கொரு நிறம். 2023 செப்டம்பரில் தடங்களைப் பொது நிர்வாகம் தன் கட்டுப்பாட்டுக்கு எடுக்கத் தொடங்கியதும் வண்டிகள் மஞ்சளாயின. யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்ற குழப்பம் தீர்ந்தது. நிறத்தை ஒழுங்குபடுத்துவதில் எனக்குப் பெரிய லாபமாகப் படுவது இதுதான்.

நீங்கள் பயப்படுவதும் நடந்திருக்கிறது, மறைக்கவில்லை. ரியோ டி ஜெனிரோவில் 2010-இல் கம்பெனி வண்ணங்களை எடுத்துவிட்டு, பஸ் கம்பெனிகளின் நான்கு கூட்டமைப்புகளுக்கு நான்கு நிறம் கொடுத்தார்கள். கூட்டமைப்புகள் பகுதிவாரியானவை. அதனால் ஒரு பகுதியின் நிறுத்தத்தில் நின்றால் வருகிற வண்டியெல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி. தான் எந்தப் பகுதியில் நிற்கிறோம் என்பது பயணிக்குத் தெரியாதா? தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டிய நிறம், தெரிந்ததையே சொல்லிக்கொண்டிருந்தது. பின்னால் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டார்கள்.

சியோல் இதைச் சரியாகப் பிடித்தது என்பது என் கணக்கு. 2004 ஜூலை 1 முதல் அங்கே நிறம் வண்டியின் வேலையைச் சொல்கிறது. நீலம் நகரத்தின் குறுக்கே நெடுந்தூரம் போவது, பச்சை ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோய் விடுவது, சிவப்பு புறநகர் விரைவு வண்டி, மஞ்சள் நகர மையத்தைச் சுற்றி வருவது. பிரேசிலின் குரிச்சிபா அதற்கும் முன்னோடி. இந்த முறையில் கம்பெனி மாறினாலும் நிறம் மாறாது. தவறான விரைவு வண்டியில் ஏறி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போகிற ஆபத்தும் குறையும். நிறங்கள் நாலுக்கு மேல் போனால் யாருக்கும் நினைவில் நிற்காது என்பது என் எண்ணம்.

அதிலும் ஓட்டை உண்டு. ஆண்களில் கணிசமான பேருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது கஷ்டம். மஞ்சள் சோடியம் தெருவிளக்கின் கீழ் நீலம் கிட்டத்தட்டக் கறுப்பாகிவிடும். உங்கள் அம்மா இருட்டியபின் திரும்புகிறார் என்றால் இப்போதைய நீலக்கோடும் அவருக்கு அவ்வளவாக உதவியிருக்காது. அவருக்கு உண்மையில் வேண்டியது முன்பக்கத்திலும் கதவுப் பக்கத்திலும் பெரிய எண், அப்புறம் கதவு திறக்கும்போது எண்ணையும் ஊரையும் வெளியே கேட்கிற மாதிரி சொல்லும் ஒலிபெருக்கி. பெயின்ட் திட்டத்தோடு இதையும் சேர்த்துக் கேளுங்கள். தனியாகக் கேட்டால் கோப்பிலேயே கிடக்கும்.

செலவுக்கு வருகிறேன். எந்த வண்டிக்கும் சில வருடத்துக்கு ஒருமுறை பெயின்ட் அடித்தே ஆக வேண்டும். அந்த முறை வரும்போது புது நிறம் பூசினால் பிரேக்குக்கு வைத்த பணத்தில் கை வைக்க வேண்டியதில்லை. சிங்கப்பூரில் 2016-இல் சிவப்பா பச்சையா என்று மக்களிடமே வாக்கெடுத்து, பச்சை வென்று, படிப்படியாகத்தான் மாற்றினார்கள். இரண்டு மூன்று வருடம் கலவையாக ஓடும், ஓடட்டும். டிப்போவுக்கும் லாபம் உண்டு. அடிபட்ட தகட்டுக்குப் பதில் இன்னொரு வண்டியின் தகட்டை மாட்டலாம், ஒரு டிப்போ வண்டியைப் பெயின்ட் மாற்றாமலே இன்னொரு டிப்போவுக்கு அனுப்பலாம். ஆனால் டெண்டரில் வெறுமனே ‘சிவப்பு’ என்று எழுதினால் பத்துப் பட்டறையிலிருந்து பத்துச் சிவப்பு வரும். நிறத்துக்கான எண்ணைக் குறிப்பிட வேண்டும். ஜெர்மனியில் இதற்கான ரால் பட்டியல் 1927-லேயே வந்துவிட்டது.

எனக்கு இருக்கும் ஒரே பெரிய சந்தேகம் விளம்பரம். நிறத்தை ஒழுங்குபடுத்திய கையோடு, வருமானம் வேண்டும் என்று வண்டி முழுக்கச் சோப்பு விளம்பரம் ஒட்ட அனுமதித்தால் இவ்வளவும் வீண். முதுகுப்பக்கத்தை வேண்டுமானால் விற்றுக்கொள்ளட்டும். முகத்தையும் கதவுப் பக்கத்தையும் விற்கக் கூடாது என்று விதியிலேயே எழுதாத வரை, நானும் இந்தத் திட்டத்துக்குக் கை தூக்க மாட்டேன்.