பரிணாமம் படித்தால் பிள்ளைகளுக்குக் கடவுள் நம்பிக்கையும் ஒழுக்கமும் போய்விடுமா?

போகாது. அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் டோவர் ஊரில் இந்தச் சண்டை நீதிமன்றம் வரைக்கும் போனது. டார்வின் கோட்பாட்டில் ஓட்டைகள் இருக்கின்றன, 'அறிவார்ந்த வடிவமைப்பு' (உயிர்களை அறிவுள்ள ஒரு சக்திதான் வடிவமைத்தது என்ற கருத்து) என்று இன்னொரு விளக்கமும் உண்டு என ஒன்பதாம் வகுப்பு உயிரியல் பாடத்தில் ஓர் அறிக்கை வாசிக்கச் சொன்னது பள்ளி வாரியம். ஆசிரியர்கள் மறுத்துவிட்டார்கள், பெற்றோர் 11 பேர் வழக்குப் போட்டார்கள். பரிணாமத்துக்காகச் சாட்சி சொன்ன கென்னத் மில்லர் உயிரியல் பேராசிரியர், கூடவே கத்தோலிக்கர்! அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் இல்லை, மதம்தான் என்று 2005 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. சரி, ஒழுக்கம்? உயிர்கள் எப்படி மாறின என்பதைத்தான் பரிணாமம் சொல்கிறது, நாம் எப்படி நடக்க வேண்டும் என்று அல்ல. அந்த வழக்கில் திரும்பத் திரும்பப் பொய் சொன்னதாக நீதிபதி கண்டித்தது, தங்கள் பக்தியைப் பெருமையாகப் பேசித் திரிந்த வாரிய உறுப்பினர்கள் சிலரைத்தான்.