யாழ்ப்பாணத்தில் வீட்டு வளவில் முட்டைக்காகக் கோழி வளர்க்க எப்படித் தொடங்குவது? நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு எத்தனை கோழி வேண்டும்?

நாலு பேருக்கு ஆறு பேடு போதும். கலப்பின முட்டைக்கோழி என்றால் நல்ல காலத்தில் நாளுக்கு நாலைந்து முட்டை கிடைக்கும். ஊர்க்கோழி ஆண்டுக்கு 60 முதல் 100 முட்டை வரைதான் இடும், ஆனால் தானே அடைகிடந்து குஞ்சு பொரிக்கும். முட்டை மட்டும் போதுமென்றால் சேவல் தேவையில்லை. சேவல் இல்லாமலும் பேடு முட்டையிடும்.

எந்த இனம் வாங்கலாம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். எங்கள் மண்ணில் அதைவிட முக்கியமானவை கூடு, தண்ணீர், நிழல். இந்த மூன்றும் சரியில்லாவிட்டால் எவ்வளவு நல்ல இனமும் முட்டையைக் குறைத்துவிடும். ஆகவே கூடு கட்டி முடியும்வரை கோழி வாங்க வேண்டாம்.

ஆறு முதல் எட்டுக் கோழிக்கு 6 அடி நீளம், 4 அடி அகலம் உள்ள கூடு அளவானது. மாரியில் வளவு நனைந்து கிடக்கும் என்பதால் நிலத்திலிருந்து இரண்டரை அடி உயரத்தில் கால் நாட்டி, முக்கால் அங்குல இடைவெளி விட்டுச் சலாகை அடித்த தளம் போடுங்கள். எச்சம் கீழே விழும், கூடு உலர்ந்திருக்கும். நீளப் பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்க வேண்டும். வாடை மழையைச் சாய்த்து அடிக்கும் வடக்கையும் கிழக்கையும் பலகையால் அடையுங்கள். சோழகம் வீசும் தெற்கையும் மேற்கையும் வலையடித்துத் திறந்துவிடுங்கள். மேற்குப் பக்கம் தாழ்வாரத்தை இரண்டு அடி நீட்டினால் பின்னேர வெயில் உள்ளே விழாது. வெறும் தகரக் கூரை சித்திரை, வைகாசியில் கோழியை அவித்துவிடும். தகரம்தான் போடுகிறீர்கள் என்றால் மேலே கிடுகோ பனையோலையோ வேய்ந்துவிடுங்கள்.

வலையில் சிக்கனம் பார்க்கக் கூடாது. அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழிவலை கோழி வெளியே போகாமல் தடுக்கும், மரநாய் உள்ளே வருவதைத் தடுக்காது. அரை அங்குலச் சதுரக் கண்ணுள்ள, ஒட்டுவைத்த கம்பிவலை வேண்டும். அப்போதுதான் எலியும் சாரையும்கூட உள்ளே வரமாட்டா. கதவுக்குக் கயிறு போதாது, தாழ்ப்பாள் போட்டு ஒரு ஆணியும் செருகுங்கள். கோழி இரவில் தூங்க, தளத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இரண்டு அங்குலத் தடிப்பான கட்டையைக் குறுக்கே போடுங்கள், ஒரு கோழிக்கு எட்டு அங்குலம் என்ற கணக்கில். முட்டையிட 12 அங்குலச் சதுரப் பெட்டி இரண்டு, அந்தக் கட்டையைவிடத் தாழ்வாக, கூட்டின் இருண்ட மூலையில் இருக்கட்டும். பெட்டி கட்டையைவிட உயரமாக இருந்தால் கோழிகள் அதற்குள்தான் தூங்கும், எச்சம் பட்ட முட்டைதான் கிடைக்கும்.

தண்ணீர் விடயம் யாழ்ப்பாணத்துக்கென்றே தனியாகச் சொல்ல வேண்டியது. ஒரு கோழி நாளுக்குக் கால் லீற்றர் குடிக்கும், வெக்கை நாளில் அரை லீற்றர். தீவுப் பகுதியிலும் கரையோரத்திலும் பல கிணறுகள் உவர். நல்ல தண்ணீர்க் கிணறுகளிலும் சில, ஆவணி, புரட்டாதியில் நீர் இறங்கும்போது உவர்க்கத் தொடங்கும். அந்தத் தண்ணீரைத் தொடர்ந்து குடித்தால் எச்சம் நீராகப் போகும், முட்டை ஓடு மெலியும், தீனை மாற்றினாலும் அது சரிவராது. உங்கள் நாக்குக்கு உவர்ப்பாகத் தெரிந்தால் அந்தத் தண்ணீர் கோழிக்கும் வேண்டாம். மழைத் தண்ணீரைத் தாங்கியில் பிடித்துக் கோழிக்கென்று ஒதுக்குங்கள். ஆறு கோழிக்கு நாளுக்கு மூன்று லீற்றர்தான்.

கேத்திலில் வெள்ளையாகப் படியும் அளவுக்கு எங்கள் கிணற்றுநீரில் சுண்ணாம்பு இருக்கிறது, ஆகவே கோழிக்கு வேறு கல்சியம் தேவையில்லை என்று சிலர் நினைப்பதுண்டு. கணக்குப் பாருங்கள். ஒரு முட்டை ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கல்சியம் இருக்கிறது. ஒரு லீற்றர் நீரில் 200 மில்லிகிராம் இருந்தாலும், அரை லீற்றர் குடிக்கும் கோழிக்குக் கிடைப்பது 100 மில்லிகிராம். மிச்சத்தைத் தீனில்தான் கொடுக்க வேண்டும். கடற்கரையில் பொறுக்கும் சிப்பி, மட்டி ஓடு நல்லது. நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி உப்பை எடுத்து, காயவைத்து, பயறு அளவுக்கு இடித்துத் தனிச் சட்டியில் வையுங்கள். வேண்டிய கோழி வேண்டிய அளவு எடுக்கும். மாவாக இடிக்க வேண்டாம். பருக்கையாக இருந்தால்தான் வயிற்றில் மெல்லக் கரைந்து, ஓடு உருவாகும் இரவு நேரத்துக்கு உதவும்.

தீனைப் பொறுத்தவரை முதல் ஆண்டு கடைத் தீனோடு தொடங்குவதே என் ஆலோசனை. முட்டையிடும் கோழிக்கு நாளுக்கு 110 முதல் 120 கிராம் வேண்டும். அந்தக் கணக்கில் 25 கிலோ மூடை ஆறு கோழிக்கு ஐந்து கிழமை வரும். முட்டையிடத் தொடங்காத விடைக்கோழிக்கு முட்டைக்கோழித் தீன் போடாதீர்கள். அதிலுள்ள கூடிய கல்சியம் இளங்கோழியின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். முதல் முட்டை காணும்வரை வளர்கோழித் தீன்தான். பழகிய பிறகு சொந்தமாகக் கலக்கலாம். 10 கிலோவுக்குச் சோளமும் குறுணல் அரிசியும் சேர்த்து 4.7 கிலோ, தவிடு ஒன்றரை, தேங்காய்ப் புண்ணாக்கு ஒன்று, எள்ளுப் புண்ணாக்கு ஒன்று, உப்பில்லாத மீன்தூள் 800 கிராம், இடித்த சிப்பி 900 கிராம், மிச்சம் விற்றமின், கனிமக் கலவை. இதில் புரதம் ஏறக்குறைய 16 வீதம் வரும்.

இரண்டு இடத்தில் பிழை வரும். கருவாட்டுத் தலையும் செதிலும் மீன்தூளுக்கு ஈடாகாது, அந்த உப்பு கோழியைக் கொல்லும். மாரியில் தேங்காய்ப் புண்ணாக்கு இலகுவில் பூசணம் பிடிக்கும். மணம் மாறிய புண்ணாக்கை வெயிலில் காயவைத்தும் போட வேண்டாம், நஞ்சு காயாது. முருங்கையிலையும் அகத்தியும் தாராளமாகக் கொடுக்கலாம், மஞ்சள் கரு நல்ல நிறமாகும்.

முதல்முறை வளர்ப்பவர் ஒருநாள் குஞ்சு வாங்குவதைவிட 14 முதல் 16 கிழமை விடைக்கோழி வாங்குவது நல்லது. விலை கூடத்தான், ஆனால் அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ முட்டை காணலாம். குஞ்சுதான் வேண்டுமென்றால் தை, மாசியில் வாங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் குஞ்சுக்குச் சூடு பிடிக்க வைப்பது பெரும்பாடு. முதல் கிழமை குஞ்சுகளுக்கு 33 பாகை வெப்பம் வேண்டும், பிறகு கிழமைக்கு மூன்று பாகை குறைக்கலாம். சூட்டுக்காகத் தொங்கவிடும் குமிழுக்குக் கீழே நெருங்கிக் குவிந்தால் குளிர், விலகி ஓரத்தில் வாய் திறந்து நின்றால் சூடு. வெப்பமானி இல்லாமலே இதைப் பார்த்துக் குமிழை ஏற்றி இறக்கலாம்.

விடைக்கோழி வாங்கும்போது என்ன தடுப்பூசி எந்தத் திகதியில் போட்டது என்று கேட்டு எழுதி வையுங்கள். ராணிக்கெட் என்ற வைரசு நோய் வந்தால் மருந்தில்லை. பச்சையாகக் கழிந்து, கழுத்து முறுகி, இரண்டு மூன்று நாளில் கூடே வெறுமையாகிவிடும். மாரியில் நுளம்பு பெருகும்போது அம்மை வரும், கொண்டையில் கறுப்புப் பொருக்குக் காணும். இரண்டுக்கும் மழைக்கு முன்பே ஊசி போட்டுவிடுவது நல்லது. உங்கள் பிரிவுக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள். ஒரு குப்பி நூற்றுக்கு மேற்பட்ட கோழிக்கு வரும், கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அதனால் அயலவர் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே நாளில் போடுங்கள். குப்பியை ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டு வாருங்கள், வெயிலில் சைக்கிளில் வந்த மருந்துக்குச் சக்தி இருக்காது.

மார்கழியில் முட்டை குறைந்தால் நோய் என்று பயப்பட வேண்டாம். அப்போது பகல் ஏறக்குறைய பதினொன்றரை மணி நேரம்தான், நன்றாக முட்டையிட 14 மணி நேர வெளிச்சம் வேண்டும். காலை 4 மணிக்கு 5 வாட் எல்.ஈ.டி. குமிழைப் போட்டு விடிந்ததும் அணையுங்கள். இரவில் நீட்டினால் குமிழ் அணையும்போது கோழி கட்டையில் ஏறாமல் இருளில் தடுமாறும். வேறு காலத்தில் குறைந்தால் முதலில் வேலியோரத்தையும் விறகுக் கொட்டிலையும் தேடுங்கள், ஒளித்து இடும் கோழிகள் அதிகம். அங்கும் இல்லையென்றால் இரவில் டோர்ச் அடித்துக் கட்டையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். சிவப்பாக ஊரும் செல் என்ற நுண்ணிய பூச்சி இருந்தால் கோழி இரவெல்லாம் இரத்தம் இழந்துகொண்டிருக்கிறது. கூட்டைக் கழுவிக் காயவிட்டு, இடுக்குகளுக்குக் கால்நடை வைத்தியர் சொல்லும் மருந்தடியுங்கள். வெயில் படும் மூலையில் அடுப்புச் சாம்பலும் மணலும் குவித்துவிட்டால் கோழி தானே குளித்துப் பேனைக் குறைத்துக்கொள்ளும்.

கலப்பினக் கோழி ஒன்றரை வயதுக்குப் பிறகு முட்டையைக் குறைக்கும். ஆகவே ஆண்டுதோறும் பழையதில் மூன்றைக் கழித்து மூன்று விடைக்கோழி சேர்த்துவந்தால் வீட்டில் முட்டை தட்டாது. புதியவற்றை மூன்று கிழமை வேறாக வைத்து நோய் இல்லை என்று கண்ட பிறகு, பழையவை தூங்கும் இரவில் கட்டையில் ஏற்றிவிடுங்கள். பகலில் விட்டால் கொத்திக் காயப்படுத்திவிடும்.