போனில் லொக்கேஷன் ஆனில் இருந்தால் ஏவுகணை வருமா?

கேள்வி: சூலூர் விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். 2025 மே மாத இந்தியா-பாகிஸ்தான் சண்டைக்குப் பிறகு, போனில் லொக்கேஷன் ஆனில் இருந்தால் அதை வைத்து ஏவுகணை தேடி வரும் என்று பயமுறுத்துகிறார்கள். தெரிந்தவர் ஒருவர், வீட்டில் வைக்க ஜி.பி.எஸ். ஜாமர், அதாவது போனுக்கு இடம் காட்டும் ஜி.பி.எஸ். சிக்னலைத் தடுக்கும் கருவி, வாங்கித் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள்.

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் 20,200 கி.மீ. உயரத்திலிருந்து நேரத்தையும் தான் இருக்கும் இடத்தையும் சொல்லிக்கொண்டே இருக்கிறது. யார் வீட்டில் ரேடியோ பாடுகிறது என்று வானொலி நிலையத்துக்குத் தெரியுமா? அதுபோல உங்கள் போன் இருப்பதே அதற்குத் தெரியாது. ஏவுகணையும் அந்த சிக்னலைக் கேட்டு, தான் எங்கே பறக்கிறோம் என்றுதான் தெரிந்துகொள்கிறது. போய்ச் சேர வேண்டிய இடத்தை முன்பே அதில் ஏற்றிவிடுவார்கள். விமானதளம் எங்கே இருக்கிறது என்பது எல்லா வரைபடத்திலும் இருக்கிறது. உங்கள் போன் அதைக் காட்டிக்கொடுக்கத் தேவையில்லை.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். தளத்துக்குள் புதிதாக என்ன வந்து நிற்கிறது, எந்த வண்டி எப்போது கிளம்பியது என்பது வரைபடத்தில் இருக்காது. மாடியிலிருந்து எடுத்த வீடியோவில் இருக்கும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில்தானே போட்டேன் என்பார்கள். அங்கிருந்து அது எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. படம் எடுக்கவே வேண்டாம், பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

சரி, ஜாமருக்கு வருவோம். தரைக்கு வரும்போது ஜி.பி.எஸ். சிக்னல் மிகவும் மெலிந்திருக்கும், ஒரு சின்னக் கருவியே அதை அமுக்கிவிடும் என்பது உண்மை. ஆனால் ஆயுதம் அதை மட்டும் நம்பி வருவதில்லை. விமானத்திலிருந்து போடும் அமெரிக்காவின் ஜேடாம் குண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜி.பி.எஸ். கிடைத்தால் இலக்கிலிருந்து சுமார் 5 மீட்டருக்குள் விழும். கிடைக்காவிட்டால் உள்ளே இருக்கும், தன் அசைவைத் தானே அளக்கும் ஜைரோஸ்கோப் போன்ற கருவிகளை வைத்தே வந்து 30 மீட்டருக்குள் விழும் என்பது கணக்கு. ஆக, அது நிற்காது, விலகும். தளத்தைக் குறிவைத்தது விலகினால் பக்கத்துத் தெருவில் விழலாம். அப்புறம், இன்றைய ராணுவக் கருவிகள் பல அலைவரிசைகளையும் ரகசியக் குறியீட்டால் பூட்டுப்போட்ட சிக்னலையும் பயன்படுத்துகின்றன. தொல்லை வரும் திசைக்குக் காதைப் பொத்திக்கொள்ளும் ஆண்டெனாவும் வந்துவிட்டது. கடை ஜாமர் இதன் முன்னால் எடுபடாது.

அது கெடுப்பது ஆம்புலன்ஸின் வழிகாட்டியையும் விமானத்தையும்தான். 2012-இல் அமெரிக்காவில், முதலாளிக்குத் தெரியாமல் சுற்றுவதற்காக ஒருவர் வண்டியில் ஜாமர் வைத்திருந்தார். அது நெவார்க் விமான நிலையத்தின் தரையிறங்கு கருவியைக் குழப்பியது. அபராதம் ஏறக்குறைய 32,000 டாலர். கோவை விமான நிலையம் உங்களுக்கு எவ்வளவு பக்கம் என்று யோசியுங்கள்.

இந்தியாவில் தனியார் யாரும் ஜாமர் வாங்கவோ பயன்படுத்தவோ கூடாது. 2022-இல் தொலைத்தொடர்புத் துறை இதைத் தெளிவாகவே அறிவித்தது. அறிவித்து என்ன பயன்? பெயரை மாற்றி விற்பவர்களை இன்றும் பார்க்கிறேன், பிடிப்பார் இல்லை. சிக்கினால் விற்றவர் போனை எடுக்க மாட்டார், கருவி உங்கள் வீட்டில் இருக்கும். அவரிடம் ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் கேட்டுப் பாருங்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும்.