எந்த நாடு எந்தப் பொருளை ஏற்றுமதி செய்ய வேண்டும் என்று காணும் ஒப்பீட்டு நன்மைக் கணக்கில், இரண்டு பொருளிலும் ஒரே நாடே மலிவு என்று விடை வருகிறதா?

போர்ச்சுகல், இங்கிலாந்து என்ற இரு நாடுகளும் வைன், துணி இரண்டையும் செய்யும் பிரபல எடுத்துக்காட்டில் சரியான விடை இது: போர்ச்சுகல் வைனை ஏற்றுமதி செய்யும். துணியை இங்கிலாந்திடம் வாங்கும். "இரண்டையும் போர்ச்சுகலே குறைந்த உழைப்பில் செய்கிறதே, இறக்குமதி எதற்கு?" என்று நீங்கள் திணறுவதற்குக் காரணம், பெரும்பாலும் இரு நாட்டு உழைப்பு எண்களை நேருக்கு நேர் ஒப்பிட்டதுதான். அதில் தெரிவது முழு நன்மை, அதாவது யார் குறைந்த உழைப்பில் செய்கிறார் என்பது மட்டுமே. ஒப்பீட்டு நன்மை என்பது ஒரு பொருளுக்காக மற்றதை யார் குறைவாக விட்டுக்கொடுக்கிறார் என்பது; அதற்கு முதலில் ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் ஒரு பொருளின் உழைப்பை மற்றதின் உழைப்பால் வகுக்க வேண்டும்.

பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோவின் 1817 எண்கள், ஓர் அலகு செய்யத் தேவையான ஆட்கள்: போர்ச்சுகலில் வைனுக்கு 80 பேர், துணிக்கு 90. இங்கிலாந்தில் வைனுக்கு 120, துணிக்கு 100.

1. ஓர் அலகு வைனின் வாய்ப்புச் செலவு (அதற்காக விட்டுக்கொடுக்கும் துணி) போர்ச்சுகலில் 80/90, அதாவது 0.89 துணி. இங்கிலாந்தில் 120/100 = 1.2. ஆக, வைன் போர்ச்சுகலுக்கு.
2. துணிக்குத் தலைகீழ்: போர்ச்சுகலில் 1.125 வைன், இங்கிலாந்தில் 0.83. துணி இங்கிலாந்துக்கு.
3. ஒரு வைனுக்கு ஒரு துணி என்று மாற்றிப் பாருங்கள். போர்ச்சுகல் 80 பேரின் வைனைக் கொடுத்து, தானே செய்தால் 90 பேர் தேவைப்படும் துணியைப் பெறுகிறது. இங்கிலாந்து 100 பேரின் துணியைக் கொடுத்து 120 பேரின் வைனைப் பெறுவதால் அதற்கு 20 பேரின் உழைப்பு மிச்சம். ஒரு வைனுக்கு இத்தனை துணி என்ற விகிதம் 0.89க்கும் 1.2க்கும் இடையில் எங்கிருந்தாலும் இருவருக்கும் லாபம்தான்.

இதன் பிறகும் விடை தலைகீழாக வந்தால் அட்டவணைத் தலைப்பைப் பாருங்கள். 'ஓர் அலகுக்கு எத்தனை மணி' என்பதும் 'ஒரு மணிக்கு எத்தனை அலகு' என்பதும் வேறு. இரண்டாவதில் பின்னத்தைப் புரட்டிப் போட வேண்டும். தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான்.

ஒன்று கவனம்: இரு நாட்டிலும் வாய்ப்புச் செலவு சமமாக இருந்தாலோ, போக்குவரத்துச் செலவு அந்த இடைவெளியை விழுங்கிவிட்டாலோ வணிகத்தால் லாபமில்லை.