நல்லவருக்குக் காதல் கைகூடாதா?

கேள்வி: ‘நல்லவர்களுக்குக் காதல் கைகூடாது’ என்று நண்பர்கள் அடித்துச் சொல்கிறார்கள். இது உண்மையா?

பதில்: அவர்கள் சொல்லும் நல்லவர் யார்? கேட்டதற்கெல்லாம் தலையாட்டுபவரா, கைம்மாறு கருதாமல் அன்பு காட்டுபவரா? அன்பான ஒருவர் காதலித்து மணந்து நிறைவாக வாழ்வதை எடுத்துக்காட்டினால், ‘அவர் அப்படியொன்றும் நல்லவர் இல்லை’ என்று சொல்லின் பொருளையே மாற்றிவிடுவார்கள். எந்தச் சான்றாலும் மறுக்க முடியாதபடி இப்படி வளைக்கப்படும் கூற்று, உலகத்தைப் பற்றி எதையுமே சொல்வதில்லை.

இன்னொரு பிழை நுட்பமானது. மருத்துவமனைப் புள்ளிவிவரங்களை வைத்து அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜோசப் பெர்க்சன் 1946இல் விளக்கியது. அழகோ அன்போ இரண்டில் ஒன்றாவது உள்ளவர்களையே நாம் துணையாக எண்ணிப் பார்க்கிறோம். இரண்டும் இல்லாதவர்கள் கண்ணிலேயே படாததால், எஞ்சியவர்களிடையே அழகிருந்தால் அன்பிராது என்ற பொய்யான தொடர்பு தோன்றிவிடுகிறது. நல்லவர்களுக்குக் காதல் கைகூடாது என்ற எண்ணத்துக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். அதை நம்பி உங்கள் கனிவை விட்டுவிடாதீர்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.