எலி பிடித்தவனும் செர்ரிப்பழமும்

கேள்வி: பழைய ஜெர்மன் தாள் ஒன்று என் கைக்கு வந்தது. ஹாமெல்ன் நகரம் போட்ட 50 ஃபெனிக், அதாவது அரை ஜெர்மன் மார்க். அதில் குழலூதுகிறவன் படம். இது நிஜப் பணம்தானா? பணத்தில் கதை எதற்கு?

பதில்: நிஜப் பணம்தான். 'நோட்கெல்ட்' என்பார்கள், அவசரப் பணம். 1914-இல் போர் தொடங்கியதும் மக்கள் வெள்ளிக்காசைப் பதுக்கிவிட்டார்கள். நிக்கலும் செம்பும் ஆயுதத்துக்குப் போயின. கடையில் மீதி கொடுக்கச் சில்லறை இல்லை. சரி, நாமே அடித்துக்கொள்வோம் என்று நகரசபைகள் தாளிலேயே சில்லறை அச்சிட்டன.

கதைப் படங்கள் பெருகியது அப்புறம். தாள் அழகாக இருந்தால் சேகரிப்பவர்கள் ஆல்பத்தில் வைத்துக்கொள்வார்கள், மாற்றித் தரச் சொல்லி வரமாட்டார்கள். அது நகரசபைக்கு லாபம். 1920 முதல் 1922 வரை அவர்களுக்காகவே வரிசை வரிசையாகத் தாள்கள் வந்தன. ஆனால் லாபம் என்று மட்டும் சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. எந்தப் பழங்கதையை ஊர் தன்னுடையது என்று நினைத்ததோ, அதைத்தான் தாளில் போட்டது. ஹாமெல்னுக்கு அது 1284-இன் துயரம்: எலி பிடிக்க வந்த குழலூதியின் பின்னே 130 பிள்ளைகள் போனார்கள், திரும்பவே இல்லை.

என்னிடம் இருப்பவற்றில் நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பது நௌம்புர்க் நகரின் 1920-ஆம் வருடத் தாள். வரைந்தவர் வால்டர் ஹேகே. எல்லாம் கறுப்பு நிழலுருவங்கள். கண், மூக்கு எதுவும் கிடையாது. பிள்ளைகள் நிற்கிற விதத்திலேயே எல்லாம் தெரிந்துவிடும். 1432-இல் புரோகோப் என்ற தளபதியின் ஹுஸ்ஸைட் படை, அதாவது பொஹீமியாவின் மதக் கிளர்ச்சிக்காரர் படை, ஊரை முற்றுகையிட்டதாம். ஓர் ஆசிரியர் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாசறைக்கே போய்க் கெஞ்ச, தளபதி மனமிளகி, அவர்கள் கை நிறையச் செர்ரிப்பழம் கொடுத்துவிட்டுப் படையோடு போய்விட்டாராம். அப்படி ஒரு முற்றுகை நடக்கவே இல்லை என்கிறார்கள் வரலாற்றாய்வாளர்கள். இருக்கட்டும். 1916-17 குளிர்காலத்தில் உருளைக்கிழங்குகூடக் கிடைக்காமல், மாட்டுக்குப் போடும் டர்னிப்பைத் தின்று பிழைத்த நாடு அது. நாலு வருடம் கழித்து, பிள்ளைகளுக்குப் பகைவனே பழம் கொடுத்த கதையை ஓர் ஊர் தன் பணத்தில் அச்சிட்டிருக்கிறது. அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனத்துவிடும்.

கேள்வி: கோடிக்கணக்கான மார்க் என்று அச்சிட்ட தாள்களும் இதே வகையா?

பதில்: அவை வேறு. கதைத் தாள்களுக்கு 1922 ஜூலையில் சட்டம் தடை போட்டது. அடுத்த வருடம் பணவீக்கம் வெடித்து, நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் என்றானது. நகரங்கள் மறுபடி அச்சிட்டன, இந்த முறை அவசரத்துக்காக மட்டும். அவற்றில் பலவற்றின் பின்பக்கம் வெறும் வெள்ளைத்தாள்.